நாங்கு மரம் சமவெளியில் வளருமா? விதை கையில் இருக்கிறது, கொஞ்சம் அவசரம்

தோப்புக்காரன்:

வணக்கம். பொள்ளாச்சிக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மாசி மாதம் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது சாலையோரம் ஒரு துண்டுக் காடு வந்தது. அதன் விளிம்பில் ஒரு மரம். சுற்றியிருந்ததெல்லாம் கரும்பச்சையாக நிற்க, இது மட்டும் உச்சி முதல் தாழ்ந்த கிளை வரை செக்கச்செவேல் என்று இருந்தது. பூ என்று நினைத்து வண்டியை நிறுத்தினேன், இறங்கிப் பார்த்தால் எல்லாம் தளிர்! ஒவ்வொரு கிளை நுனியிலும் மெல்லிய இலைகள் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தன. தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் "அது நாங்கு, கோடாலியே மழுங்கிப் போகும்" என்றார்.

அன்றிலிருந்து அந்த மரம் மனதை விட்டுப் போகவில்லை. ஆவணியில் தனியாக மறுபடி போனேன். அதே மரத்தடியில், சாலையோர வடிகாலில், வெடித்த காய்களும் விதைகளும் கிடந்தன. வண்டிச் சக்கரத்தில் நசுங்கியவை போக நல்லதாக ஐந்து எடுத்து வந்தேன். இன்றோடு நான்கு நாள் ஆகிறது, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

என் கேள்விகள் இவை. எங்கள் ஊர் வெயிலில் இது வளருமா? தோப்பு ஓரம் ஐம்பது மரம் வைத்தால் பிள்ளைகள் காலத்தில் தேக்கு மாதிரி விலை போகுமா? அப்புறம், இதற்கு நாகமரம் என்றும் பெயர் உண்டு என்று படித்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு நாற்றுப்பண்ணையில் நாகமரம் என்று சொல்லி இரண்டு கன்று கொடுத்தார்கள். ஒன்று போய்விட்டது, இன்னொன்று ஆள் உயரம் வந்துவிட்டது. ஆனால் அதன் இலை பெரிசு பெரிசாகக் கிளை நுனியில் கொத்தாக இருக்கிறது, சிவப்பே இல்லை. வயது ஏறினால் மாறுமா?

சோலைநடை:

முதலில் விதையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். இன்றைக்கே ஊன்றுங்கள். நாங்கு விதையில் எண்ணெய் அதிகம், காய்ந்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். நெல் மாதிரி உலர்த்தி மூடி வைக்கிற சங்கதியே மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கு ஆகாது, விழுந்த சூட்டோடு ஈர மண்ணில் முளைத்துப் பழகியவை அவை. ஆழமான பை எடுங்கள். தோட்ட மண்ணோடு மக்கிய இலைச்சருகு கலந்து, விதை மறையும் அளவுக்கு மட்டும் மூடி, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கிளறிப் பார்க்காதீர்கள், நிதானமாகத்தான் முளைக்கும். எலிக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

உங்களிடம் வளர்கிற கன்று நாங்கு இல்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளம் நாகலிங்க மரத்துக்குப் பொருந்துகிறது. பெயரில் 'நாக' இருப்பதால் இந்தக் குழப்பம் எங்கும் நடக்கிறது. நாகலிங்கம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, பூவும் பீரங்கிக் குண்டு போன்ற காயும் அடிமரத்திலேயே தொங்கும். நாங்கு நம் மலைக்காரன். இலை ஒல்லியாக, ஈட்டி முனை போல, காம்பில் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். முதிர்ந்த இலையைத் திருப்பிப் பாருங்கள், சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். பூவுக்கு நான்கு வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் ஒரு பந்து மாதிரி நிறைந்திருக்கும். இதன் உறவுக்காரன் யார் தெரியுமா? கடற்கரைப் புன்னை. இரண்டு பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஜாடை தெரியும்.

வளருமா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் சில காலம் மழைக்காட்டு நாற்றுகள் வளர்க்கும் இடத்தில் வேலை செய்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது தனி மரம் மாதிரித் தெரிந்திருக்கும். ஆனால் அது ஒரு பெரிய கூட்டத்தில் மிஞ்சிய ஆள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஆனைமலையிலும் அகத்தியமலைப் பக்கம் களக்காடு முண்டந்துறையிலும், சுமார் 700 மீட்டரிலிருந்து 1400 மீட்டர் உயரம் வரை ஒரு வகை மழைக்காடு உண்டு. தாவரவியல் படித்தவர்கள் அந்தக் காட்டுக்கே மூன்று மரங்களின் பெயரைச் சேர்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்: வெடிப்பலா, நாங்கு, காட்டிலுப்பை. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மழையில்லாத மாதங்கள் இரண்டோ மூன்றோ, அந்த மாதங்களிலும் மூடுபனி. உள்ளே போனால் நடுப்பகலில் சாயங்கால வெளிச்சம்தான் இருக்கும். சருகு ஒருநாளும் முழுசாகக் காயாது, காலில் அட்டை ஏறும், மேலே எங்கோ இருவாச்சி பறக்கும் சத்தம் கேட்கும். வெடிப்பலா பூக்கும் காலத்தில் சிங்கவால் குரங்குகள் அந்தப் பூவைத் தின்ன வரும், அடிமரத்தைச் சுற்றி முள்முள்ளான காயின் ஓடுகள் கிடக்கும்.

அந்தக் காட்டின் அடியில், அம்மா மரத்தின் நிழலிலேயே, நாங்கின் கன்றுகள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். விதை கனம், காற்றில் பறந்து போகாது, அங்கேயே விழுந்து அங்கேயே முளைக்கும். முழங்கால் உயரத்தில் வருடக்கணக்காக அப்படியே நிற்கும். இறந்துபோனது என்று நினைப்போம், இல்லை, காத்திருக்கிறது. மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்தால்தான் அது எழும். உங்களை நிறுத்திய அந்தச் சிவப்பும் இதோடு சேர்ந்ததுதான். இளந்தளிரில் பச்சையம் பிறகுதான் ஏறும், அதற்கு முன் சிவப்பு நிறமி நிறைந்து தொங்கும், இலை கெட்டிப்பட்ட பிறகு நிமிர்ந்து பச்சையாகும்.

ஆக, சின்ன வயதில் அதற்கு வேண்டியது நிழலும் ஈரக் காற்றும். உங்கள் ஊரில் பங்குனி சித்திரை வெயிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அந்தக் கன்றைக் கருக்கிவிடும். தோப்பு ஓரத்தில் வெட்டவெளியில் ஐம்பது வைப்பதை நான் கடுமையாக எதிர்ப்பேன். தென்னை நிழலில், சொட்டுநீர்க் குழாய் போட்டு, ஒன்றோ இரண்டோ வைத்துப் பாருங்கள். அதுவும் சந்தோஷத்துக்காக.

உளிச்சத்தம்:

விலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை. அப்பாவிடம் ஒரு பழைய நாங்குக் கட்டை இருந்தது, ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது வந்தது. ஒரு முழ நீளம்தான். சின்னப் பையனாக இருந்தபோது என்னால் அதைத் தூக்கவே முடியாது. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் கல் மாதிரி நேராக அடிக்குப் போகும். தேக்கு ஒரு கன மீட்டர் உலர்ந்த நிலையில் 650 கிலோ அளவுக்கு இருக்கும் என்றால், நாங்கு 1000 கிலோவை ஒட்டி வரும். உள்கட்டை, அதாவது வைரம், கருஞ்சிவப்பு. லின்னேயஸ் 1753இல் இதற்கு மெசுவா ஃபெர்ரியா என்று பெயர் வைத்தபோது 'ஃபெர்ரியா' என்று சேர்த்ததே இரும்பை நினைத்துத்தான்.

ஆனால் கனமும் உறுதியும் இருந்தால் விலை போகும் என்று நினைக்கக்கூடாது. கதவு, ஜன்னல், கட்டில் செய்ய மரம் இழைப்புக்கு வர வேண்டும், ஆணி ஏற வேண்டும், காயும்போது முறுக்காமல் இருக்க வேண்டும். தேக்கின் அருமையே அதுதான். நாங்கில் இழைப்புளி வழுக்கும், வாள் பல் உதிரும், துளை போடாமல் ஆணி இறங்காது. அந்தக் காலத்தில் இதை ரயில் தண்டவாளக் கட்டைக்கும், பாலத்துக்கும், தூணுக்கும், உத்திரத்துக்கும் போட்டார்கள். இன்றைக்கு அந்த வேலையெல்லாம் சிமென்டும் இரும்பும் பார்த்துக்கொள்கின்றன. இன்னொன்று, இது மெதுவாக வளர்கிற மரம். வைரம் பாய்ந்து உபயோகத்துக்கு வர உங்கள் பிள்ளைகள் காலம் போதாது, பேரன் காலமும் சந்தேகம்தான்.

உங்கள் நோக்கம் மரம் விற்பது என்றால் தோப்பு ஓரத்துக்கு வேங்கை, நீர்மருது, இலுப்பை என்று நம் ஊர் மண்ணுக்கு ஏற்றதே நிறைய இருக்கிறது. இலுப்பை வைத்தால் வௌவாலும் வரும், எண்ணெயும் கிடைக்கும், கட்டையும் உருப்படியானது. இவற்றை விட்டுவிட்டு மலை மரத்தைக் கீழே இறக்கி வதைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வன்னிமகள்:

தோப்புக்கார அண்ணாவுக்கு வணக்கம். நான் வவுனியாப் பக்கம். எங்கள் நாட்டின் தேசிய மரமே இதுதான், 1986இல் அறிவித்தார்கள். சிங்களத்தில் 'நா', நாங்கள் நாக மரம் என்று சொல்லுவோம். அதனால் "வெயில் ஊரில் வரவே வராது" என்பதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு.

அனுராதபுரம், தம்புள்ளைப் பக்கமெல்லாம் உலர் வலயம்தான். மாதக்கணக்கில் மழை இராது, வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே விகாரைகளின் முற்றங்களில் பெரிய பெரிய நாக மரங்கள் நிற்கின்றன. தம்புள்ளைக்குக் கிட்ட நாமல் உயன என்று ஒரு இடம், ரோஜா நிறக் கல்மலைக்குக் கீழே நாக மரங்களே காடாக நிற்கும். பழைய அரசர் காலத்தில் நட்டு வளர்ந்த காடு என்று அங்கே சொல்லுவார்கள். 'நாமல்' என்றால் நாகப்பூ. அடுத்துப் பிறக்கப்போகும் மைத்திரேய புத்தர் இந்த மரத்தடியில்தான் ஞானம் பெறுவார் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை, ஆகையால் வெட்ட மனம் வராது, தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார்கள்.

என் அம்மம்மா வீட்டு வாசலிலும் ஒன்று இருந்தது. பூக்கிற காலத்தில் விடியப்புறம் எழும்பினால் முற்றம் முழுக்க வாசம். உதிர்ந்த மகரந்தத் தாள்களைக் கூட்டிப் பெருக்க விடமாட்டார், பொறுக்கிக் காயவைத்து எடுத்து வைப்பார். சித்த மருத்துவத்தில் சிறுநாகப்பூ என்பது இதுதான். கடையில் வாங்கும்போது கவனம், அந்தப் பெயரில் வேறு மரத்து மொட்டுகளும் கலந்து வருகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த மரம் கன்றாக இருந்தபோது ஒரு பெரிய மாமர நிழலில் நின்றதாம், கிணற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் அதன் காலடியால்தான் போனதாம். அம்மம்மாவின் அப்பா நட்டது. அம்மம்மா கலியாணம் முடித்த பிறகுதான் முதல் பூ பூத்ததாம்.

எனவே வைக்கலாம் அண்ணா. விற்கிற நினைப்பில் வைக்காமல் வீட்டு மரமாக ஒன்று வையுங்கோ.

சோலைநடை:

வன்னிமகள் சொன்னது சரி, நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். தண்ணீரும் ஆரம்ப நிழலும் கிடைத்தால் தனி மரம் தாக்குப்பிடிக்கும். இந்த மரத்தின் பரப்பே பெரிசு, இலங்கை, நம் மலைகள், அசாம், பர்மா, தாய்லாந்து, மலாய் தீபகற்பம் வரை இருக்கிறது. அசாமில் 'நாகர்' என்பார்கள், விதையெண்ணெயை விளக்குக்கு எரித்திருக்கிறார்கள். மிசோரம் மாநில மரமும் இதுதான், திரிபுராவின் மாநிலப் பூவும் இதுதான்.

ஆனாலும் எனக்கு வேறு ஒரு கவலை. மரம் பிழைப்பது வேறு, அது தன் சந்ததியைத் தானே வளர்ப்பது வேறு. விகாரை முற்றத்தில் விழும் விதையைப் பெருக்கி எடுத்துவிடுவார்கள், யாராவது எடுத்து நட்டால்தான் உண்டு. வால்பாறையில் நீங்கள் பார்த்த அந்த மரத்துக்கும் ஏறக்குறைய அதே கதிதான். 1890களுக்குப் பிறகு அந்த மேட்டுநிலத்தில் காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். மிஞ்சியது தேயிலைக் கடலுக்கு நடுவே தீவு தீவாகச் சில துண்டுக் காடுகள். துண்டின் விளிம்பில் வெயிலும் காற்றும் உள்ளே புகும், சருகு காயும், உண்ணிச்செடி அடைத்துக்கொள்ளும். அடியில் கன்று நிற்க முடியாது. மேலே பார்த்தால் கம்பீரமான மரம், கீழே ஒரு வாரிசுகூட இல்லை. விதை தார்ச் சாலையில் விழுந்து சக்கரத்தில் நசுங்குகிறது, அதைத்தான் நீங்கள் பொறுக்கினீர்கள்.

அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர் 20 ஆண்டுகளுக்கு மேலாக, தோட்ட நிறுவனங்களோடு பேசி, சீரழிந்த துண்டுகளில் மழைக்காட்டு மரங்களைத் திரும்ப நட்டு வருகிறார்கள். சாலையோரம் வீணாகும் விதைகளைச் சேகரித்துத்தான் நாற்று போடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நடுவது, பிறகு இரண்டு மூன்று வருடம் களையை விடாமல் எடுப்பது. ஒரே மரத்தை வரிசையாக வைப்பதில்லை, பல இனங்களைக் கலந்து நெருக்கி வைப்பார்கள். சீக்கிரம் வளர்வது நிழல் கொடுக்கும், அந்த நிழலில் நாங்கு மாதிரி பொறுமைசாலிகள் மெல்ல எழும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. இரண்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மீதி முளைத்தால் அவற்றை மலைக்குத் திருப்பி அனுப்பும் வழியைப் பாருங்கள், யாரிடமாவது கேட்டுச் சேர்ப்பிக்கலாம். நீங்களே போய்க் காட்டுக்குள் நட வேண்டாம், இடம் பார்த்து வைக்க வேண்டும். இன்னொன்று, அடுத்தமுறை ஆசைப்பட்டு காப்புக்காட்டுக்கு உள்ளே இறங்கி விதை எடுக்காதீர்கள், அது சட்டப்படி தவறு, அங்கே விழுகிற விதை அங்கேயே இருப்பதுதான் அதற்கும் நல்லது. சாலையில் நசுங்கப் போவதை எடுப்பது வேறு விஷயம்.

உளிச்சத்தம்:

மலையில் சொந்த நிலம் இருந்து அங்கே இந்த மாதிரி மரம் நிற்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டா நிலம்தானே என்று கை வைக்க முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 என்று தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறது, அறிவிக்கப்பட்ட மலை ஊர்களில் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. அது இருப்பதால்தான் இன்னும் சில மரம் நிற்கிறது.

பழம்பாட்டு:

பெயர் விஷயத்தில் ஒரு சின்னச் சேர்க்கை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் 'நாகம்' என்று ஒன்று வருகிறது. அதை இந்த மரம் என்றே பலர் கொள்கிறார்கள். புன்னையும் அதே பட்டியலில் இருக்கிறது. அப்புறம் சுரபுன்னை என்றால் இந்தக் குடும்பத்திலேயே இன்னொரு மரம், ஆனால் பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காட்டையும் சுரபுன்னைக் காடு என்கிறோம். ஒரே பெயரில் மூன்று மரம், ஒரே மரத்துக்கு நான்கு பெயர். நாற்று வாங்கும்போது பெயரை நம்பாமல் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்று மேலே சொன்னது மிகச் சரியான யோசனை.

தோப்புக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அன்று ராத்திரியே பையில் ஊன்றிவிட்டேன், இன்றோடு ஏழு வாரம் முடிகிறது. ஐந்தில் ஒன்று அழுகிப் போனது, ஒன்றை எதுவோ தோண்டி எடுத்துவிட்டது, அநேகமாக எலி, பையை உயர்த்தி வைக்கச் சொன்னதை இரண்டு நாள் தள்ளிப் போட்டது என் தவறுதான். மீதி மூன்றில் இரண்டு முளைத்துவிட்டன. மூன்றாவதை நீங்கள் சொன்னபடி கிளறாமல் விட்டிருக்கிறேன்.

வளர்ந்திருக்கும் கன்றின் இலையைப் போய்ப் பார்த்தேன். நாகலிங்கமேதான். கொடுத்தவர்களும் தெரியாமல்தான் கொடுத்திருப்பார்கள். பிடுங்கவில்லை, அது பாட்டுக்கு நிற்கட்டும்.

ஐம்பது மர யோசனையை விட்டுவிட்டேன். தோப்பு ஓரத்துக்கு இலுப்பையும் நீர்மருதும் கேட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக் கிணற்றடியில் ஒரு பழைய மாமரம் இருக்கிறது, தொட்டி வழிந்து ஓடும் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகிறது. வன்னிமகள் அவர்களின் அம்மம்மா வீட்டுக் கதையைப் படித்ததும் இடம் முடிவாகிவிட்டது. ஒரு கன்று அங்கே. இன்னொன்றை அடுத்த மழைக்கு முன் வால்பாறைக்கு எடுத்துப் போகிறேன். சோலைநடை அவர்களே, யாரைப் பார்க்க வேண்டும் என்று அப்போது கேட்கிறேன்.

முதல் இரண்டு இலை நேற்று விரிந்தது. நுனி தொங்குகிறது, நல்ல சிவப்பு.